களைக்காத பாட்டு

எங்கள் பாண்டு ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் கூடும். காலையில் முடியாது. கிட்டார்காரன் திருமுல்லைவாயில் சர்ச்சில் வாசித்துவிட்டு வர வேண்டும். பாடுகிறவன் ஆவடியில் பைக் மெக்கானிக். ஞாயிறும் அவனுக்கு அரை நாள் வேலை உண்டு. பேஸ் கிட்டார் வாசிக்கிறவனை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பூந்தமல்லியில் அவன் அப்பாவுக்கு மெத்தைக் கடை. மதியச் சாப்பாட்டுக்குக் கடை ஷட்டரை இறக்கினால்தான் அவனால் கிளம்ப முடியும். நான் டிரம்ஸ். நான் எங்கும் போக வேண்டியதில்லை. நான் வேலை செய்கிற இடத்தில்தான் வாசித்தோம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பவுடர் கோட்டிங் கம்பெனி. கம்பெனி என்றால் ஒரே ஒரு ஷெட். இரும்புச் சாமானைக் கொக்கியில் மாட்டி, கலர்ப் பொடியை அடித்து, அடுப்புக்குள் தள்ளிச் சுடுவோம். பெயிண்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். நான் கொக்கியில் மாட்டுகிறவன். ஞாயிறு அடுப்பு எரியாது. முதலாளி சாவியை என்னிடம் கொடுத்துவிடுவார். "சாமி படத்துக்கு விளக்கப் போடு. கெளம்பும்போது ஃபேன நிறுத்து. நடுவுல இன்னா கூத்து வேணா அடிச்சுக்கோ" என்பார்.

டிரம்ஸை அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்திருந்தேன். எவ்வளவு மூடினாலும் பொடி படியும். அந்த வாரம் என்ன கலர் ஓடியதோ அந்தக் கலரில் டிரம் இருக்கும். ஒரு வாரம் நீலம். ஒரு வாரம் கறுப்பு. அடித்தால் முதல் அடிக்குக் கலர் பறக்கும். பாய் மூக்கைப் பொத்திக்கொள்வான். "மாமே, நீ டிரம்ஸ் வாசிக்கிறியா, ஹோலி ஆடுறியா?"

எங்கள் சத்தம் சுத்தமான சத்தம் இல்லை. கிட்டார்காரனின் ஸ்பீக்கர் கிழிந்திருந்தது. கிழிசலோடு வாசித்து வாசித்து அதுவே எங்கள் சத்தமாகிவிட்டது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. முன்னால் இரும்பு ஷட்டர். நாங்கள் ஆரம்பித்தால் ஷட்டரும் கூடவே அதிரும். பாடுகிறவன் எல்லாவற்றுக்கும் மேலே கத்த வேண்டும். கத்துவான். திங்கட்கிழமை அவனுக்குப் பேச்சு வராது. வண்டி விட வருகிறவர்களிடம் கையைக் காட்டித்தான் பேசுவான்.

சொந்தமாக நாலைந்து பாட்டு இருந்தது. நாலு பேருக்குத் தெரிந்தது ஒன்றுதான். பஸ் பாட்டு. காலை ஷிஃப்டுக்கு வருகிற பஸ் கூட்டமாக வரும். ஸ்டாப்பில் நிற்காமல் கொஞ்சம் தள்ளிப் போய் வேகம் குறையும். ஓடிப் போனால் கிளம்பிவிடும். அதற்குப் பின்னால் ஓடிய ஒரு நாளில் பாடுகிறவன் கட்டிய பாட்டு.

நின்னுட்டுப் போ, நின்னுட்டுப் போ,
ஒரு கால் வெக்க எடமிருந்தா நின்னுட்டுப் போ.

அவ்வளவுதான் பாட்டு. மீதி எல்லாம் திட்டு.

அந்தப் பாட்டில் ஒரு விஷயம் உண்டு. கடைசிக்கு வர வர வேகம் இறங்கும். ஓடி ஓடி மூச்சு வாங்கி முழங்காலில் கை வைத்து நிற்கிற ஆள் மாதிரி முடியும். கேட்டவர்கள் அதைத்தான் பாராட்டினார்கள். நாங்கள் யோசித்துச் செய்தது என்று நினைத்தார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டோம்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஆயுத பூஜைக்கு எங்கள் சந்தில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். சந்தில் இருக்கிற ஷெட்டுகள் எல்லாம் சேர்ந்து நடத்துவது. அன்று ஒரு மெஷினும் ஓடாது. எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, வாழைக்கன்று கட்டிவிடுவார்கள். பொரி கடலைப் பொட்டலம் கைக்குக் கைக்கு வரும். ஒரு மினி லாரியின் பக்கங்களை இறக்கிவிட்டார்கள். அதுதான் மேடை.

சினிமாப் பாட்டு வாசித்தோம். சுமாராகப் போனது. பஸ் பாட்டை எடுத்தோம். அது கையில் நிற்கவில்லை. ஆரம்பத்திலேயே வேகமாகப் போனது. நான் பிடிக்கப் பார்த்தேன். பிடிக்கப் பிடிக்க இன்னும் ஓடியது. பாடுகிறவனுக்கு மூச்சு விட இடமில்லை. பாதி வார்த்தையை முழுங்கினான். முடிவில் வேகம் இறங்கவும் இல்லை. எங்கேயோ முட்டி நின்றோம்.

கீழே இருந்து ஒருவர் கத்தினார். "இன்னா நைனா, பஸ்ஸு பிரேக்கு புடிக்கலையா?"

சந்து முழுக்கச் சிரிப்பு. பயத்தில் அப்படி ஆகிவிட்டது என்று பாய் சொன்னான். எனக்குப் பயம் இல்லை என்பது எனக்குத் தெரியும். பின்னே ஏன் என்று தெரியவில்லை.

சாமான்களைக் கட்டும்போது ஒரு பையன் வந்தான். கழுத்தில் ஆபீஸ் அட்டை. எங்கள் சந்துக்கு எதிரே பழைய கம்பெனியை இடித்துக் கண்ணாடிக் கட்டடம் கட்டியிருக்கிறார்கள். அங்கே கம்ப்யூட்டர் வேலை. வெளிநாட்டுக் கம்பெனி, அதனால் அன்றும் லீவு இல்லை. டீ குடிக்க வந்தவன் நின்று கேட்டிருக்கிறான். கோயம்புத்தூர்க்காரன். கொரட்டூர் ஏரிக்கரைப் பக்கம் ஃபிளாட்டில் தங்கியிருந்தான். கீபோர்டு வாசிப்பானாம்.

"பாட்டு ரொம்ப நல்லா இருந்துச்சுங்ணா," என்றான்.

பாய் அவனை மேலும் கீழும் பார்த்தான். "நக்கலா?"

"இல்லீங்ணா. ஓடிப் போயிருச்சு. ஆனா அந்த 'போ' இருக்குதுல்ல, அதுல நிறுத்தாதீங்க. நீட்டுங்க. ஜனங்க சேர்ந்து பாடுவாங்க."

அங்கேயே நின்று மெதுவாகப் பாடிக் காட்டினான். நின்னுட்டுப் போ... ஓ... ஓ... ஓ. குரல் சுமார்தான். ஆனால் பொரி தின்றுகொண்டிருந்த இரண்டு பேர் அவனோடு சேர்ந்து இழுத்தார்கள். தங்களை அறியாமல் செய்தார்கள். பாடுகிறவன் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் அப்படி ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவன் எங்களோடு இத்தனை வருடம் கத்தியதில் ஒருத்தரும் திருப்பிப் பாடியதில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் மாறியது.

ஞாயிறு வாசிப்பு அவன் கொரட்டூர் ஃபிளாட்டுக்குப் போனது. அங்கே ஓர் அறை. சுவர் முழுக்க மெத்தை. அது பாயின் அப்பா கடையிலிருந்து போனதுதான். கிட்டார்காரனின் கிழிந்த ஸ்பீக்கரை எடுத்துவிட்டார்கள். அவன் விரல் இவ்வளவு சுத்தமாக வாசிக்கும் என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பாடுகிறவனைக் கத்த வேண்டாம் என்றான் கோயம்புத்தூர்க்காரன். "மைக் கிட்ட வந்து பேசற மாதிரி பாடுங்ணா. மேல போறப்ப மட்டும் போங்க." பாடுகிறவன் அப்படியே பாடினான். பொல்லாத குரல். ஷட்டருக்குப் பின்னால் இத்தனை நாள் அமுங்கிக் கிடந்திருக்கிறது. ஆவடியில் காது மூக்கு டாக்டர் அவனிடம், இப்படியே கத்தினால் தொண்டை போய்விடும் என்று சொல்லியிருந்தார். அதை எங்களிடம் அவன் சொன்னதே இல்லை. அந்த அறையில்தான் சொன்னான்.

நான் மட்டும் சேரவில்லை.

அங்கே காதில் ஹெட்போன் மாட்ட வேண்டும். அதில் டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம் ஓடும். கிளிக் என்கிறார்கள். எல்லோரும் அதற்குத்தான் வாசிக்க வேண்டும். கீபோர்டு, பின்னால் வருகிற கோரஸ், எல்லாம் முன்னாலேயே அதற்குப் பதிந்து வைத்தது. நான் கொஞ்சம் தள்ளினால் மொத்தமும் தனித்தனியாகக் கழன்று நிற்கும். எனக்கு அந்த டிக் பிடிபடவில்லை. அதைக் கேட்டால் கை நின்றுவிடும். கேட்காவிட்டால் பாட்டு ஓடிவிடும். வாரா வாரம் போனேன். வாரா வாரம் அதேதான்.

"இன்னொரு வாட்டி போலாங்ணா," என்பான் அந்தப் பையன். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒரு நாள் பாடுகிறவன் என்னைத் தேடி எஸ்டேட்டுக்கு வந்தான். டீக்கடையில் நின்றோம். டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"மச்சான், ஒண்ணு சொன்னா கோச்சுக்காத."

"சொல்லு."

போனை எடுத்து என் காதில் வைத்தான். பஸ் பாட்டு. புதுசு. பெரிய கோயிலுக்குள் நின்று பாடுவது மாதிரி இருந்தது. நின்னுட்டுப் போ... ஓ... ஓ. உடம்பு சிலிர்த்தது. டிரம்ஸ் அச்சு மாதிரி விழுந்தது. நான் வாசித்தது இல்லை.

"லேப்டாப்புல போட்டான்," என்றான்.

"நல்லா கீது."

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கஷ்டம். மோசமாக இருந்தால் இரண்டு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

"ஸ்டேஜ்லயும் இதையே ஓட வுட்டுடலாம்னு சொல்றான். நான் ஒண்ணும் சொல்லல. உன்னாண்ட கேக்காம சொல்ல மாட்டேன்."

"அப்ப நான் இன்னா பண்ணுவேன்?"

அவன் டீயைப் பார்த்தான். ஆடை கட்டியிருந்தது. "எனக்கு இது வேணும் மச்சான். இன்னும் எத்தினி வருஷம் தொண்டை நிக்கும்னு தெரில. நீயும் வேணும். ரெண்டும் வேணும்னா இன்னா பண்றது, சொல்லு."

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் எனக்கு வாரம் முழுக்கக் கொக்கிதான். ஞாயிறு ஒன்றுதான் என்னுடையது.

"ஆயுத பூஜை வரைக்கும் டைம் குடு," என்றேன். "இந்த வாட்டியும் நம்மளதான் கூப்புடுவாங்க. அன்னிக்கு அந்த டிக்குக்கு நான் வாசிக்கிறேன். வரலைன்னா லேப்டாப்ப வெச்சுக்கோ. நானே வந்து ஒயர மாட்டிக் குடுக்கிறேன்."

"சரி," என்றான். ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தான்.

அந்தப் பையனிடம் ஒன்று சொன்னேன். எங்கள் ஷெட்டில் என் கை ஒழுங்காகத்தான் வரும், இங்கேதான் வரமாட்டேன் என்கிறது என்றேன். அவன் சிரிக்கவில்லை. "அப்ப அங்கயே வந்து பாக்கறேங்ணா" என்றான். அடுத்த ஞாயிறு லேப்டாப்பும் இரண்டு மைக்கும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தான். அந்த வாரம் பச்சை ஓடியிருந்தது. அவன் வெள்ளைச் சட்டை கெட்டுப்போனது. பஸ் பாட்டைப் பழைய மாதிரியே வாசித்தோம். கிழிந்த ஸ்பீக்கரைக்கூட கிட்டார்காரன் கொண்டுவந்தான். பாட்டு அழகாக வந்தது. கடைசியில் அதேபோல் இறங்கி மூச்சு வாங்கி நின்றது. நான் பாடுகிறவனைப் பார்த்தேன். பார்த்தியா என்று.

பையன் லேப்டாப்பில் கோடு கோடாக எதையோ பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, இது என்ன சத்தமுங்க?"

ஒரு சின்ன இடத்தைப் போட்டுக் காட்டினான். நாங்கள் யாரும் வாசிக்காத ஓர் இடம். டக். கொஞ்சம் விட்டு டக்.

"அது பக்கத்து ஷெட் பிரஸ்ஸு," என்றேன்.

பக்கத்தில் ஒரு பிரஸ் ஷாப். தகட்டை வைத்துக் காலால் மிதித்தால் பிரஸ் இறங்கி ஒரு வாஷர் வெட்டும். ஞாயிறு மதியமும் ஒரு பிரஸ் ஓடும். ஓர் அக்கா ஓட்டுவாள். அந்தச் சத்தம் எப்போதும் இருக்கிறது. எஸ்டேட்டில் அதையெல்லாம் யாரும் சத்தம் என்றே நினைப்பதில்லை. எங்கள் இரண்டு ஷெட்டுக்கும் ஒரே சுவர். அந்தச் சுவரை ஒட்டித்தான் என் ஸ்டூல்.

பையன் முதலிலிருந்து போட்டான். திரையில் இரண்டு வரிசை. "மேல இருக்கறது உங்க கால் டிரம்முங்ணா. கீழ அந்த பிரஸ்ஸு. பாருங்க." இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. பாட்டு முழுக்க. கடைசியில் பிரஸ் மெதுவானது. நானும் மெதுவானேன்.

பாய் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான்.

"மாமே! இத்தினி வருஷமா நம்ம டிரம்மரு நீ இல்லடா. அந்த அக்காடா!"

கிட்டார்காரன் பேசவே மாட்டான். அன்று பேசினான். "ஆயுத பூஜை அன்னிக்குப் பிரஸ்ஸுக்கு மாலை போட்டு வெச்சிருந்தாங்க."

அவ்வளவுதான். விஷயம் விளங்கியது. பூஜை அன்று சந்தில் ஒரு மெஷினும் ஓடவில்லை. எனக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஃபிளாட்டிலும் மெத்தைதான், பிரஸ் இல்லை.

பாடுகிறவனும் சிரித்தான். என்னைப் பார்த்ததும் நிறுத்தினான். நான் டிரம் மேல் துணியைப் போட்டு மூடினேன்.

மறுநாள் டீ நேரத்தில் அந்த அக்காவைப் பார்த்தேன். பட்டரவாக்கத்தில் ரயில் இறங்கி நடந்து வருகிறவள். காதில் பஞ்சு. டீக்கடையில் அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வாள். வருடக்கணக்காகப் பார்க்கிற முகம். பேசியது குறைவு. நான் விஷயத்தைச் சொன்னேன். உங்கள் பிரஸ்ஸை வைத்துத்தான் நான் வாசித்திருக்கிறேன் என்றேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "இன்னாபா சொல்ற நீ? நான் உன்ன வெச்சுகினுதானே மெறிக்கிறேன்."

எனக்குப் புரியவில்லை.

"ஞாயித்துக்கெழம ஷெட்டுல நான் ஒருத்திதான். மதியானம் சோறு துன்னுட்டு ஒக்காந்தா கண்ணு சொருவும். கண்ணு சொருவுனா கை போய்டும். நீ அடிக்க சொல்லோ, அந்த சவுண்டுக்கு காலப் போட்டுகினே இருப்பேன். தூக்கம் வராது. பஞ்ச கூட எடுத்துடுவேன்."

"கடைசில மெதுவா போறது?"

"நீ ஸ்லோ பண்றன்னு நான் ஸ்லோ பண்றேன்."

"நீங்க ஸ்லோ பண்றீங்கன்னுதான்கா நான் பண்ணேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவள்தான் முதலில் சிரித்தாள். "அப்போ யாருதான்பா புட்சினு இருந்தாங்க?"

யாரும் இல்லை. அதுதான் பதில். நான் அவளைப் பிடித்திருந்தேன். அவள் என்னைப் பிடித்திருந்தாள். அவள் களைத்தால் நான் களைத்தேன். நான் களைத்தால் அவள் களைத்தாள். அதை நாங்கள் பாட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அன்று வேலை முடிகிற வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு டிக் ஏன் வரவில்லை என்று தெரிந்துவிட்டது. அதுவும் என்னோடு வரும் என்று எதிர்பார்த்திருக்கிறேன். நான் கொஞ்சம் தாமதித்தால் அதுவும் தாமதிக்கும், பார்த்துக்கொள்ளலாம் என்று. அது தாமதிக்காது. அதற்கு என்னைத் தெரியாது. அதோடு பழகினால் ஒரு பக்கம்தான் பழக வேண்டும்.

பையனிடம் கேட்டு அந்த டிக்கைப் போனில் வாங்கிக்கொண்டேன். ஒரு காதில் மாட்டிக்கொண்டு கொக்கி மாட்டினேன். ஒரு டிக்குக்கு எடு. ஒரு டிக்குக்கு மாட்டு. முதலில் கொக்கி கை நழுவி விழுந்தது. சாமான் கீழே விழுந்து ஓரம் நசுங்கியது. திட்டு வாங்கினேன். அப்புறம் சரியாயிற்று. சூப்பர்வைசர் முதலாளியிடம், இவன் இப்போதெல்லாம் நின்று பேசுவதே இல்லை, ஒரே சீராக வேலை பார்க்கிறான் என்று சொன்னாராம். முதலாளி எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதா என்று கேட்டார்.

டிக் எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை ஒரு நாள் மதிக்க ஆரம்பித்தேன். மழை பெய்தது, கரண்ட் போனது, வீட்டில் சண்டை, எனக்குக் காய்ச்சல். எதற்கும் அது மாறவில்லை. அப்படி ஓர் ஆளை நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஃபிளாட்டில் பாட்டு நடுவில் கழலுவது குறைந்தது. பையன் ஒரு நாள், "இன்னிக்கு மூணு தடவையும் நிக்குதுங்ணா" என்றான். சந்தோஷத்தில் என் தோளைத் தட்டிவிட்டு, தட்டலாமா கூடாதா என்று கையை இழுத்துக்கொண்டான். நல்ல பையன்.

ஆனால் அங்கே கூட்டம் இல்லை. கூட்டத்தின் முன்னால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

ஆயுத பூஜை வந்தது. அதே சந்து. அதே மினி லாரி. பூசணிக்காய் உடைத்த சிவப்பு இன்னும் ரோட்டில் கிடந்தது. பக்கத்து ஷெட் ஷட்டர் திறந்திருந்தது. பிரஸ்ஸுக்குச் சாமந்தி மாலை. சத்தமில்லாமல் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. மேடையில் லேப்டாப். பையன் என்னைப் பார்த்தான். லேப்டாப் டிரம்ஸும் தயாராக வைத்திருந்தான். ஒரு பட்டனைத் தட்டினால் போதும். பாடுகிறவன் அவனிடம், "தட்டாத. நான் சொன்னாதான்" என்றான். என் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னான்.

முந்தின வருடம் பிரேக் என்று கத்தியவரும் முன்வரிசையில் இருந்தார். "நைனா, இந்த வாட்டி டெப்போ வரைக்குமாவது போவுமா?"

இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டேன். டிக் டிக் டிக். ஆரம்பித்தோம்.

பாட்டு ஓடவில்லை. பாடுகிறவன் மைக்கிடம் பேசுவது மாதிரி பாடினான். கீழே பேச்சு நின்றது. பெரிய இடம் வந்தது. நின்னுட்டுப் போ... ஓ... ஓ. இரண்டாவது தரம் வரும்போது சந்து முழுக்க வாய் திறந்தது. எனக்குப் பாட்டுச் சத்தம் கேட்கவில்லை. காதில் டிக்தான். வாய்கள்தான் தெரிந்தன. வெல்டர், பேக்கிங் பெண்கள், வாட்ச்மேன், முதலாளிகள், அந்த பிரேக் நைனா. எல்லோரும் ஒரே வாயாகத் திறந்திருந்தார்கள். எனக்குக் கேட்க வேண்டும் போல் இருந்தது. ஒரு காதைக் கழற்றினேன்.

சத்தம் தண்ணீர் மாதிரி வந்து மோதியது. கூடவே அது தெரிந்தது. கூட்டம் இழுக்கிறது. நிறையப் பேர் சேர்ந்து பாடினால் மெதுவாகத்தான் போகும். ஒருத்தர் இன்னொருத்தருக்காகக் காத்திருப்பார்கள்.

அப்போது அந்த அக்காவைப் பார்த்தேன். லாரிக்கு நேர் முன்னால் நின்றாள். கையில் பொரிப் பொட்டலம். புதுப் புடவை. காதில் பஞ்சு இல்லை. கால் தரையில் மிதித்துக்கொண்டிருந்தது. கூட்டத்தோடு மெதுவாக. என்னைப் பார்த்துச் சிரித்தாள். வா என்பது மாதிரி.

என் கால் அவளிடம் போகப் பார்த்தது. எத்தனையோ ஞாயிறு போன கால். போயிருந்தால் சுகமாக இருந்திருக்கும். பாட்டு இறங்கி, மூச்சு வாங்கி, பழைய மாதிரியே நின்றிருக்கும். கோரஸும் கீபோர்டும் தனியாக முன்னால் போயிருக்கும். பையன் பட்டனைத் தட்டியிருப்பான்.

பாடுகிறவன் திரும்பி என்னைப் பார்த்தான். அவனும் கூட்டத்தோடு சாய்ந்துகொண்டிருந்தான். முகத்தில் பயம்.

நான் அக்கா காலைப் பார்ப்பதை விட்டேன். கழற்றின காதை மாட்டவும் இல்லை. ஒரு காதில் கூட்டம், ஒரு காதில் டிக். அவர்கள் இழுத்தார்கள். நான் போகவில்லை. அடியை இன்னும் அழுத்திப் போட்டேன். ஒரு வரி முழுக்க அப்படியே இருந்தது. நான் ஓரிடம், அவர்கள் ஓரிடம். கை வலித்தது. அப்புறம் பாடுகிறவன் என்னிடம் வந்து சேர்ந்தான். அவன் பின்னால் முன்வரிசை வந்தது. முன்வரிசைக்குப் பின்னால் சந்து வந்தது.

கடைசியாகப் பார்த்தேன். அக்கா காலும் வந்துவிட்டது.

பாட்டு இறங்காமல் முடிந்தது. மேலேயே நின்று முடிந்தது. பையன் பட்டன் பக்கம் இருந்த கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். பாடுகிறவன் டிரம்ஸைச் சுற்றி வந்து என் பின்கழுத்தைப் பிடித்து ஆட்டினான். பாய் சொன்னான். "அந்த லேப்டாப்ப வித்துட்டு பிரியாணி போடுங்கடா."

சாமான் கட்டும்போது அக்கா வந்தாள். பொரியை என் கையில் கொட்டினாள்.

"இன்னாபா, நடுவுல நான் கூப்புட்டேன், நீ வரவே இல்ல?"

"வர முடியாதுக்கா இதுல."

"அதான் பாத்தேன்." கொஞ்ச நேரம் மென்றாள். "நல்லா கீது. சாமிக்குப் பாடுறா மாதிரி கீது. இப்பல்லாம் ஞாயித்துக்கெழம இங்க வர்றதே இல்ல. இனிமேலும் வர மாட்டீங்களா?"

"கொரட்டூர்லதான்கா. இங்க சவுண்டு சரியா வராது."

"இந்தப் பாட்ட போன்ல குடு. போட்டுகினு மெறிக்கிறேன்."

கொடுத்தேன். புதுசாகப் பதிந்தது. அதில் இப்போது என் டிரம்ஸ்தான். அடுத்த வாரம் டீக்கடையில் கேட்டேன், எப்படி இருக்கிறது என்று.

"அத நிறுத்திட்டேன்பா," என்றாள். "அது அலுத்துக்கவே மாட்டேன்னுது. நானும் நிறுத்தாம மெறிச்சுகினே கீறேன். சாயங்காலம் பாத்தா வாஷரு மலையா குவிஞ்சு கெடக்குது. மொதலாளி வந்து, அடுத்த வாரமும் இவ்ளோ வேணும்ன்றாரு. இது அவருக்குக் கட்டுன பாட்டுபா. எனக்கு இல்ல."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அவளுக்குக் கால் வலி நிஜம்.

"பழசு இருந்தா குடு," என்றாள்.

இருந்தது. பையன் அன்று ஷெட்டில் பதிந்தது. கிழிந்த ஸ்பீக்கர், அதிர்கிற ஷட்டர், கத்துகிற குரல், எல்லாம் அப்படியே இருக்கிறது. அவனிடம் கேட்டேன். "அதுல பிரஸ் சத்தம் ரொம்ப இருக்குதுங்ணா, எடுத்துட்டு அனுப்பட்டுங்களா?" என்று கேட்டான். எடுக்க வேண்டாம் என்றேன்.

நாங்கள் இப்போது காலேஜ்களில் வாசிக்கிறோம். ஒரு காதில் டிக், ஒரு காதில் கூட்டம். பாடுகிறவன் தொண்டை நன்றாக இருக்கிறது. திங்கட்கிழமையும் பேசுகிறான். அதற்காகவே எனக்கு இந்தப் பாட்டு பிடிக்கும்.

ஞாயிறு மதியம் பக்கத்து ஷெட்டில் பழைய பாட்டு ஓடுகிறது என்று எங்கள் வாட்ச்மேன் சொன்னார். பாட்டு மெதுவாகும்போது பிரஸ்ஸும் மெதுவாகிறதாம். முடிந்ததும் அக்கா எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து திரும்பப் போடுகிறாளாம்.